ஒரு மைலுக்குப் பத்தடி குறைவு

1. நின்ற இடம்

கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது மாரிமுத்து நின்றுவிட்டான்.

மூச்சு வாங்கி நின்றிருந்தால் புரிந்துகொள்வேன். கால் பிசகி விழுந்திருந்தால் தூக்க ஓடியிருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை. முழு வேகத்தில் வந்தவன் சாலையோரம் இருந்த அம்மன் கல்லைக் கண்டதும் குதிகாலை ஊன்றிப் புழுதி பறக்க நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி.

ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடி முடித்தால் அவன் ரியூனியன் தீவுக்குக் கப்பல் ஏறலாம். அங்கே நடக்கும் பந்தயத்தில் மொரீசியஸ் தீவுக்காக ஓடலாம். மீதம் இருந்தது பத்தடி. ஒரு குழந்தை தவழ்ந்தே கடந்திருக்கும்.

“என்னடா நிக்கிற? வா! கோடு இங்க இருக்கு!” என்று கத்தினேன்.

“கோடு அங்க இருக்கு மச்சான். எல்லை இங்க இருக்கு” என்றான்.

வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அவன் காப்புக் கட்டியது தெரியாது, அவ்வளவுதான். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது. மழை வந்ததால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் கோயிலில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டிவிட்டார்கள். நான் ரோஸ் பெல் பக்கம் நிலம் அளக்கப் போயிருந்து திங்கட்கிழமை காலை ரயிலில்தான் வந்து இறங்கினேன்.

“நாலு ஐம்பத்தஞ்சு!” என்றேன்.

“கத்தாதீங்க மச்சான். சாமி கல்லுப் பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

ஐந்து நிமிஷம் ஆனது. ஐந்தரை ஆனது. என் பின்னால் குடை பிடித்து நின்றிருந்த விளையாட்டுக் கமிட்டிச் செக்ரட்டரி, “இவர் என்ன செய்கிறார்?” என்று கேட்டார்.

“ஓடிக்கொண்டிருக்கிறார், மிஸ்யே” என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னேன்.

2. நானும் என் சங்கிலியும்

விளையாட்டுக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் பழைய கதை கேட்கிறார்கள். நடுவர் வேலை எப்படி, மாரிமுத்துவோடு எனக்கு என்ன சண்டை என்று. இருபத்தாறு வருஷம் கோட்டில் நின்றவன் நான். சாக்கு ஓட்டம் முதல் சைக்கிள் பந்தயம்வரை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒரு தீர்ப்பையும் மாற்றியதில்லை. ஆனால் ஊரில் இன்றைக்கும் என் பெயரைச் சொன்னால் அந்தப் பத்தடியைத்தான் சொல்வார்கள்.

எனக்குச் சோறு போட்ட தொழில் நில அளவை. சர்வேயருக்குச் சங்கிலி இழுப்பவன். எஸ்டேட்டுகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு நம் ஜனங்களுக்கு விற்ற காலம் அது. மோர்செல்மான் என்பார்கள். கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று வாங்கிக் கரும்பு நட்டார்கள். சர்வேயர் கிரெயோல் என்கிற கலப்பு இனத்துப் பெரிய மனிதர். கால் வாதத்தால் வண்டியை விட்டு இறங்க மாட்டார். அவர் வண்டியில் உட்கார்ந்து படம் போடுவார், நான் வெயிலில் சங்கிலி போடுவேன். நூறு கண்ணி உள்ள இரும்புச் சங்கிலி, அறுபத்தாறு அடி. எண்பது தடவை போட்டால் ஒரு மைல்.

ஊரில் சங்கிலியும் விநாடி முள் உள்ள கடிகாரமும் உரத்த குரலும் என் ஒருவனிடம்தான் இருந்தன. எஸ்டேட்டில் அறுவடை முடிந்து விளையாட்டு வைத்தபோது என்னைக் கோட்டில் நிறுத்தினார்கள். அன்று முதல் நான் நடுவர். கமிட்டி அச்சடித்த விதிப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தார்கள். பிரெஞ்சில் பன்னிரண்டு விதிகள். பிரெஞ்சு எனக்கு அரைகுறைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டும் தேவாரம் மாதிரி மனப்பாடம்.

எங்கள் ஊர் ரிவியேர் டு ராம்பாருக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் ஒரு வரிசை வீடாக நீண்டு கிடக்கும் ஊர். நேர் சாலை. மேற்கு எல்லையில் ஒரு கல், கிழக்கு எல்லையில் இரண்டு கல்.

கிழக்கே ஏன் இரண்டு என்பதுதான் கதை. நான் பிறக்கும் முன்பு, எஸ்டேட் முதன்முதலில் நம்மவர்களுக்கு இடம் விட்டபோது, சாலையோரம் ஒரு மைல் நீளம் என்று பேசி யாரோ ஒரு சர்வேயர் கிழக்கே கல் நட்டார். நம்மவர்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மன் எல்லைக் கல் ஆக்கிவிட்டார்கள். பிறகு பத்திரம் போட்டு முப்பத்தொரு துண்டாகப் பிரித்தபோது மேற்குக் கல்லிலிருந்து நான் சங்கிலி போட்டேன். எண்பதாவது சங்கிலி அம்மன் கல்லுக்குப் பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. அங்கே சர்வே கல்லை நட்டோம்.

“அப்ப பழைய கல்லு?” என்று பூசாரி அன்றைக்கே கேட்டார்.

“பழைய சர்வேயர் ரம் குடிச்சிட்டு அளந்திருப்பான்” என்றேன் நான். இதைப் பன்னிரண்டு வருஷம் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக எங்கள் ஊர் கல்லுக்குக் கல் சரியாக ஒரு மைல். ஓட்டத்துக்கென்றே போட்ட ஊர். கோட்டைச் சர்வே கல்லில்தான் எப்போதும் போடுவேன். மாரிமுத்துவும் அந்தக் கோட்டில்தான் ஓடிப் பழகினான்.

மாரிமுத்து என் மனைவி சிவகாமியின் தம்பி. கரும்பு வெட்டுகிறவன். காலில் செருப்புகூடப் போட்டதில்லை. தலைநகர் போர்லூயியில் நடந்த பந்தயத்தில் பூட்ஸ் போட்ட சோல்ஜர்களை வெறுங்காலில் தோற்கடித்தான். அதன் பிறகு பத்திரிகையில் அவனைத் தீவின் சாம்பியன் என்று எழுதினார்கள். அவனுடைய பாட்டனார் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலில் வந்து இறங்கியவர். பேரன் ஓடிக் காட்டுவதற்காகக் கப்பல் ஏறப் போகிறான் என்றால் எங்கள் ஜனங்களுக்கு அது சின்ன விஷயமா? ஊரே சேர்ந்து அவனுக்கு ஒரு கறுப்புக் கோட்டுத் தைத்தது. அளவெடுத்தவர் ஓட்டக்காரனுக்குக் கை வீச இடம் வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகத் தைத்துவிட்டார்.

நடுவில் அவனுக்குக் கணுக்கால் வீங்கியது. கால் சரியானால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். கால் சரியானது. கப்பல் செவ்வாய்க்கிழமை, தீமிதி அதற்கு முந்தின ஞாயிறு. பந்தயத்துக்குப் போகிற காலை நெருப்பில் வைக்கலாமா என்று செக்ரட்டரி கேட்டதற்கு, “நெருப்பு கொடுத்த காலு மிஸ்யே, நெருப்பு ஒண்ணும் பண்ணாது” என்றானாம்.

3. பின்னால் போகவும் விதி உண்டு

முதல் நாளே தீர்ந்திருக்க வேண்டிய சண்டை. தீராததற்கு விதிப் புத்தகம் ஒரு காரணம், என் திமிர் இன்னொரு காரணம்.

தேர்வு ஓட்டம் ஒருவருக்கு ஒரே தடவை என்று ஒன்பதாம் விதி. முந்தின வருஷம் யாரோ ஒருவர் பதினோரு தடவை ஓடிப் பார்த்தாராம், அதனால் போட்ட விதி. மாரிமுத்து கோட்டைத் தொடவில்லை என்று நான் எழுதிவிட்டால் அவன் கதை முடிந்தது.

“எழுதிக்கங்க. ஆனா நான் விலகினேன்னு எழுதாதீங்க. நான் விலகல. வராம இருந்தா விலகினதாயிடும்னுதான் ஓடினேன். காப்பு அவுத்ததும் மிச்சத்தை ஓடிடுவேன்” என்றான்.

“பத்தடிய ஒரு வாரம் கழிச்சா?”

“நடுவுல உக்காரக் கூடாதுன்னு எந்த விதி சொல்லுது? நீங்கதான் பன்னெண்டையும் மனப்பாடமா வெச்சிருக்கீங்களே, சொல்லுங்க.”

சொல்லிப் பார்த்தேன். எந்த விதியும் சொல்லவில்லை. அதோடு ஏழாம் விதி எனக்கே வினையாக வந்தது. ஓடுபவர் கோட்டைத் தொடும்வரை, அல்லது விலகும்வரை, அல்லது தடத்தை விட்டு வெளியேறும்வரை, நேரம் பார்ப்பவர் கோட்டை விட்டு அகலக் கூடாது. ஆகவே நானும் உட்கார்ந்தேன். அவன் அம்மன் கல்லில், நான் சர்வே கல்லில். நடுவே பத்தடி.

கோயில் பூஜைக்கு அவன் போக வேண்டுமே, அப்போது தடத்தை விட்டு வெளியேறுவான், பெயரை அடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். சாயங்காலம் எழுந்தான். திரும்பி, வந்த சாலையிலேயே பின்னால் நடந்தான். கோயில் சாலையோரத்தில்தான் இருக்கிறது. தடம் முழுக்கச் சாலைதானே? முன்னால்தான் ஓட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. கும்பிட்டுவிட்டு வந்து மறுபடி கல்லருகே உட்கார்ந்தான். கோயில் வாசலைத் தடத்தின் ஓரமாகக் கொள்ளலாமா என்று நான் ஒரு மணி நேரம் யோசித்து, கொள்ளலாம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை.

கடிகாரத்துக்குக் காலையும் மாலையும் சாவி கொடுத்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சிவகாமி சாப்பாடு கொண்டுவந்தாள். விரதக்காரனுக்கு ஒரு வேளை, உப்பில்லாத பருப்புச் சோறு. எனக்கும் அதேதான்.

“எனக்கு ஏன் உப்பு இல்லே? நான் காப்புக் கட்டலையே?” என்றேன்.

“ஊரே விரதம் இருக்கு. நீங்க ஒருத்தர்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. அலே, சாப்பிடுங்க” என்று பிரெஞ்சு கலந்து அதட்டினாள்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கோட்டை அழித்து இந்தப் பக்கம் போடு என்றார் கடைக்காரர். போட்டால் ஒரு மைலுக்குப் பத்தடி குறையுமே என்றேன். அம்மன் கரகத்தைச் சர்வே கல்வரை கொண்டுபோனால் எல்லை நகருமா என்று ஒருவர் கேட்டார். பூசாரி அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். மாரிமுத்துவின் அம்மாதான் என் மாமியார். அவளுடைய துண்டு முப்பத்தொன்று, கடைசித் துண்டு. மாட்டுக்கொட்டில் அந்தப் பத்தடியில்தான் இருந்தது. பால் கறக்க வருவாள், மகனைப் பார்ப்பாள், மருமகனைப் பார்க்காமல் போய்விடுவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சாலையில் போகிறவர்கள் என் காதுபடச் சொன்னார்கள். நிஜப் பூசாரியும் அவர்களோடு சேர்ந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை செக்ரட்டரி மறுபடி வந்தார். எஸ்டேட்டில் இரண்டாவது மேனேஜர் அவர்தான். கெட்டவர் இல்லை. மாரிமுத்து போக வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. பூசாரி அவர் எதிரே போய் நின்றார்.

“மிஸ்யே, இந்தக் கல்லு நட்டப்ப ஒரு மைல்னு சொல்லித்தான் நட்டாங்க. எங்கப்பா குழி வெட்டினார். பையன் ஓடினது ஒரு மைல். தப்பு சங்கிலிக்காரர் மேல.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

செக்ரட்டரி பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “மறு ஓட்டம் கிடையாது. மறு அளவை கூடாது என்று விதியில் இல்லை. சர்வேயருக்கு இங்கிலாந்திலிருந்து புதிய எஃகு டேப் வந்திருக்கிறதாமே? வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். அன்றுதான் பெயரை அனுப்பக் கடைசி நாள். என் கண் முன்னால் அதால் அளக்கட்டும். இந்தச் சாமிக் கல்லில் மைல் முடிந்தால் இவர் போகலாம்.”

“தாராளமா அளக்கலாம்” என்றேன். பூசாரியின் மூக்கை உடைக்க எனக்கு அவ்வளவு ஆசை.

4. ஒன்றரை அங்குலம்

சர்வேயர் வாதத்தோடு போர்லூயியில் படுத்திருந்தார். அவருடைய பெட்டி என் வீட்டில் இருந்தது. புதன்கிழமை சிவகாமியை விட்டு டேப்பை எடுத்துவரச் சொன்னேன். தோல் உறையில், எண்ணெய் மணம்கூடப் போகாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை தடுமாறக் கூடாதே என்று கொஞ்சம் பழகிப் பார்க்க நினைத்தேன். கோட்டை விட்டு நகர முடியாது. அதனால் சாலையோரமாகச் சங்கிலியை நீட்டி இரண்டு முனையிலும் முளை அடித்தேன். அதன் மேல் டேப்பைப் போட்டேன்.

அறுபத்தாறு அடியில் டேப் முடிந்தது. சங்கிலி முடியவில்லை. இன்னும் ஒன்றரை அங்குலம் போயிற்று.

முளையைப் பிடுங்கி மறுபடி அடித்தேன். ஒன்றரை அங்குலம். வளையங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தேய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண்ணுக்கே தெரியாத அளவு நீண்டிருந்தது. ஊரை அளப்பதற்கு முன்பே கல்லிலும் கரும்புக் கட்டையிலும் இழுத்து இழுத்து நான்தான் அதை நீட்டியிருக்கிறேன். சங்கிலியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று சர்வேயர் முதல் நாளே சொல்லியிருந்தார். இரும்பு வளருமா என்று நான் அதை ஒரு நாளும் செய்யவில்லை.

எண்பது தடவை ஒன்றரை அங்குலம், நூற்றிருபது அங்குலம், பத்தடி. தப்பாக இருக்கக் கூடாதா என்று மூன்று தடவை கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பவில்லை, சங்கிலிதான் தப்பு.

அம்மன் கல் அங்குலம் பிசகாமல் ஒரு மைலில் நின்றது. ரம் குடித்தவன் சரியாக அளந்திருக்கிறான். குடிக்காத நான்தான் பன்னிரண்டு வருஷம் ஊரையே தப்பாக அளந்திருக்கிறேன். மாரிமுத்து ஓடியது முழு மைல், நாலு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடியில். வெட்கம் எனக்கு அப்போது வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். பயல் ஜெயித்துவிட்டான் என்று எழுந்தே நின்றுவிட்டேன். பிறகுதான் அவனுடைய அம்மாவின் மாட்டுக்கொட்டில் கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நிலத்தை விற்றதில் எஸ்டேட்டுக்கு வருத்தம். பத்திரத்தில் அளவு தப்பு என்று ஒரு சாக்குக் கிடைத்தால் எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொல்லும். முதல் துண்டின் வேலி நாலு விரல் நகரும். அடுத்தது எட்டு விரல். போகப் போக ஏறி, முப்பத்தொன்றாம் துண்டில் பத்தடி. ஒருவனுடைய அடுப்பங்கரை அடுத்தவனுக்குப் போகும். அடுத்தவனுடைய கரும்பு அதற்கடுத்தவனுக்குப் போகும். முப்பத்தொரு குடும்பமும் வெட்டரிவாளை எடுக்கும். மாமியாருக்குக் கொட்டில் போகும். துண்டுகளின் பின்பக்க நீளத்தையும் இதே சங்கிலியால்தான் அளந்தேன், அதிலும் எல்லோருக்கும் குறையும். செக்ரட்டரி நல்லவர்தான். ஆனால் அவர் எஸ்டேட் மேனேஜர். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் சிவகாமி சோறு கொண்டுவந்தபோது இருவரிடமும் சொன்னேன். சாலையில் வேறு யாரும் இல்லை.

“அப்ப நான் ஓடினது மைலா?” என்றான் மாரிமுத்து.

“மைல்தான். ஒரு விரல்கூடக் குறையல.”

“அக்கா, கேட்டியா? பூசாரி சொன்னது நிஜம்!” எழுந்து துண்டை மேலே வீசிப் பிடித்தான். அம்மன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “மச்சான், உங்களை இந்த நாலு நாளா மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்லே. போகட்டும், விடுங்க.”

அப்புறம் வேலிகளைப் பற்றிச் சொன்னேன். அவன் உட்கார்ந்தான்.

சிவகாமி முதலில் பேசினாள். “அம்மா கொட்டில்?”

“போயிடும்.”

“பூசாரி வீடு?”

“அவர் துண்டு இருபத்திரண்டு. ஏழடிக்கு மேல நகரும். பூஜை ரூம் பக்கத்து வீட்டுக்குப் போயிடும்.”

“தப்பு என்னுது மாரி. நீ நாளைக்கு அளன்னு சொன்னா அளந்துடுறேன். நீ ஓடினது நிஜம். அதை இல்லேன்னு சொல்ல என்னால ஆகாது” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மச்சினன் எதிரே அழுவது எனக்குப் பழக்கம் இல்லை.

அவன் பூஜைக்கு நேரமாயிற்று என்று எழுந்து சாலையில் பின்னால் நடந்தான். வழியில் ஒவ்வொரு வேலியிலும் கொஞ்சம் நின்று நின்று போனான்.

5. பதினாலாம் விதி

வெள்ளிக்கிழமை காலை ஊர் முழுக்கச் சாலையில் நின்றது. பூசாரி மேளக்காரரையே கூட்டி வந்திருந்தார், அளவை முடிந்ததும் அடிக்க. “அளங்க! அளங்க!” என்று கத்தினார்கள். தங்கள் வேலி போவதற்கு இவ்வளவு உற்சாகமாகக் கத்தின ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

செக்ரட்டரி வண்டியிலிருந்து இறங்கினார். நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாரிமுத்துவைப் பார்த்தேன். அவன் கல்லருகே எழுந்து நின்றான்.

“மிஸ்யே, அளக்கக் கூடாது” என்றான்.

மேளக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார்.

“ஏன்?”

“நான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கேன். ஓடுறவன் தடத்துல இருக்கும்போது அந்தத் தடத்தை அளக்கக் கூடாது. விதி இருக்கு. மச்சானைக் கேளுங்க.”

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். “அப்படி ஒரு விதி இருக்கிறதா?”

இருபத்தாறு வருஷத்தில் இல்லாத விதியை நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். “இருக்கிறது மிஸ்யே. பதினாலாம் விதி” என்றேன்.

விதிகள் பன்னிரண்டுதான். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அச்சடித்ததே அவர்தானே. என்னை நெடுநேரம் பார்த்தார், அவனைப் பார்த்தார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நினைத்தாரோ என்னவோ. அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. “அப்படியானால் நான் வேறு பெயரைத்தான் அனுப்ப வேண்டும்” என்று குடையை மடக்கிக்கொண்டு போனார். போர்லூயியில் பூட்ஸ் போட்டு ஓடுகிற ஒரு குமாஸ்தா கப்பலேறினார். ஏழாவதாக வந்தாராம்.

ஊர் என்னைச் சும்மா விடுமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே அளக்காதவன், சொந்த மச்சினனைக் கவிழ்த்தவன், பொறாமை பிடித்தவன். பூசாரி எனக்கு விபூதி கொடுக்காமல் நாலு வருஷம் இருந்தார், அவருடைய பூஜை அறையை இருந்த இடத்திலேயே விட்டுவைத்ததற்கு. மாரிமுத்துவுக்குத்தான் பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சிவகாமி மட்டும் அன்று மத்தியானம் என் சோற்றில் உப்புப் போட்டாள்.

இப்போது இதை எழுதலாம். எஸ்டேட் கைமாறிவிட்டது. வேலிகளை உள்ளபடியே ஒப்புக்கொண்டு, வேறொரு சர்வேயர் நல்ல டேப்பால் அளந்து, புதுப் பத்திரங்கள் ஆகிவிட்டன. புதிதாகக் கோட்டில் நிற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடுத்தவன் அளவைப் பார்த்துச் சிரிக்கும் முன்னால் உன் சங்கிலியை அளந்து பார். நான் பன்னிரண்டு வருஷம் பார்க்கவில்லை. அதற்கான விலையை இன்னொருவன் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தீமிதி நடந்தது. நான் கோட்டில் உட்கார்ந்தபடி தூரத்து மேளத்தைக் கேட்டேன். மாரிமுத்து மிதித்தான், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாலையில் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பொழுது சாயும் முன் அவன் வந்தான். பாதம் முழுக்கச் சாம்பல். மணிக்கட்டில் காப்பு இல்லை. ஊர் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். கை நீளம் விரல் நுனிவரை வந்தது. சிவகாமியும் மாமியாரும் வேலியோரம் நின்றார்கள். அவன் அம்மன் கல்லருகே போய்க் குனிந்து கைகளைத் தரையில் ஊன்றினான்.

“மச்சான், கடிகாரம் ஓடுதா?”

“ஓடுதுடா.”

பத்தடியை ஓடினான். நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டைத் தாண்டினான். நான் நேரத்தைக் குறித்தேன். அச்சிட்ட தாளை எடுத்து, பெயர் எழுதி, தூரம் ஒரு மைல் என்று எழுதி, நேரம் என்ற இடத்தில் ஆறு நாள் ஒன்பது மணி இருபது நிமிஷம் ஏழு விநாடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவன் அதை இரண்டு தடவை படித்தான். நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

“பரவாயில்லே மச்சான். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் குறைச்சுக் காட்டுறேன்” என்றான்.